குரோமாட்டின் பிரிப்பு குழப்புகிறதா? செல் சுழற்சிப் பரிசோதனையில் பிழை நீக்கும் வழிமுறை

செல் சுழற்சியின் வெவ்வேறு கட்டங்களில் (ஜி1, டிஎன்ஏ பெருகும் எஸ், ஜி2, செல் பிரியும் மைட்டோசிஸ்) செல்களை எடுத்து, குரோமாட்டினோடு, அதாவது குரோமோசோமின் டிஎன்ஏ-புரதத் தொகுப்போடு, ஒட்டியிருக்கும் புரதங்களைத் தனியே பிரித்து, வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் முறை) பார்ப்போம். எழுதிவைத்தால் நாலு வரிதான். செய்து பார்த்தால் எல்லோரும் ஒரே சில இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இடங்களை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். ஹீலா செல்லும் (மனிதப் புற்றுநோய்ச் செல் வரிசை), இரட்டைத் தைமிடின் தடையும் (தைமிடினை இரண்டு முறை போட்டு எல்லாச் செல்களையும் எஸ் கட்டத்தின் வாசலில் நிறுத்தி ஒத்திசைப்பது), டிரைட்டான் என்ற சோப்புப் பொருள் கலந்த தாங்கல் கரைசலும் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு செல் என்றால் எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரு வரிசையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். "என் புரதம் மாறுகிறது" என்று எழுதுவதற்கு முன்னால், செல்கள் நினைத்த கட்டத்தில் இருந்தனவா என்று பாருங்கள். அடுத்து, பிரிப்பு எல்லா மாதிரியிலும் ஒரே மாதிரி நடந்ததா என்று பாருங்கள். அப்புறம், எதை வைத்து அளவைச் சமன் செய்தீர்கள் என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் புரதத்தைப் பற்றிப் பேச்சு.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் செல்களை எண்ணி, ஒரே எண்ணிக்கையிலிருந்து மூன்று மாதிரிகள் வேண்டும்: மொத்தச் சாறு, கரைந்த பகுதி, குரோமாட்டின் பகுதி. அதே தட்டிலிருந்து கொஞ்சம் செல்களை 70 சதவீதக் குளிர் எத்தனாலில் போட்டு ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு ஒதுக்கிவையுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் எந்தச் சந்தேகத்துக்கும் விடை கிடைக்காது.

பிளாட்டில் உங்கள் புரதத்தோடு நான்கு சாட்சிகள் இருக்கட்டும்:

- டியூபுலின் (சைட்டோபிளாசப் புரதம்): கரைந்த பகுதியில் மட்டும் வர வேண்டும்.
- ஹிஸ்டோன் ஹெச்3 (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்): குரோமாட்டினில் மட்டும் வர வேண்டும்.
- எம்சிஎம்2 (டிஎன்ஏ பெருகுவதற்கு முன் அதில் ஏறி நிற்கும் புரதம்): மொத்த அளவு பெரிதாக மாறாது. குரோமாட்டினில் ஜி1இல் நிறைய இருக்கும், எஸ் கட்டம் நகர நகரக் குறையும், ஜி2விலும் மைட்டோசிஸிலும் ஏறக்குறைய இருக்காது.
- 10ஆம் செரினில் பாஸ்பேட் ஏறிய ஹெச்3: மைட்டோசிஸில் உச்சம்.

எம்சிஎம்2 இப்படி நடந்துகொள்ளாத பிளாட்டில் உங்கள் புரதத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள்.

## அறிகுறி 1: எல்லா நேரத்திலும் பேண்ட் ஒரே மாதிரி இருக்கிறது

எம்சிஎம்2வும் மாறவில்லையா? அப்படியென்றால் சிக்கல் செல்களில்தான், ஒத்திசைவு நடக்கவே இல்லை. எம்சிஎம்2 சரியாக ஏறி இறங்கி, உங்கள் புரதம் மட்டும் அசையவில்லையா? நேராக இந்தப் பகுதியின் கடைசிப் பத்திக்குப் போங்கள்.

முதலில் ஃப்ளோ படத்தை எடுங்கள். தடையில் இருக்கும் செல்கள் ஜி1க்கும் எஸ் தொடக்கத்துக்கும் நடுவே ஒரே கூர்மையான சிகரமாக நிற்க வேண்டும். விடுவித்த பிறகு அந்தச் சிகரம் மொத்தமாக வலப்பக்கம் நகர வேண்டும். அகன்ற சிகரமோ, இரண்டு சிகரங்களோ தெரிந்தால் காரணங்களை இப்படித் தேடுங்கள்.

சரிபார்க்கச் செலவே இல்லாத காரணம் செல் நெரிசல். முதல் தைமிடின் போடும்போது தட்டில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நிரம்பியிருந்தால் போதும். நெரிசலான தட்டில் செல்கள் பாதி வழியிலேயே வேகம் குறைந்துவிடும். அடுத்தது கழுவுதல். தைமிடினை எடுக்கும்போது 37 டிகிரியில் சூடாக்கிய கரைசலால் மூன்று முறையாவது கழுவுங்கள். குளிர்ந்த கரைசலில் கழுவினால் செல்கள் மீள நேரம் எடுக்கும், உங்கள் கடிகாரமும் செல்லின் கடிகாரமும் விலகிவிடும். தைமிடின் 2 மில்லிமோலார் இருக்கிறதா, கரைசல் முழுமையாகக் கரைந்ததா என்பதையும் பாருங்கள்.

பலர் யோசிக்காத காரணம் மைக்கோபிளாஸ்மா. தொற்று உள்ள வளர்ப்பில் இந்த நுண்ணுயிரிகள் தைமிடினையே சிதைத்துவிடும், தடை நீர்த்துப்போகும். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் டாபி சாயத்தில் உட்கருவுக்கு வெளியே பொடிப் புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டாலும் பிசிஆர் சோதனை செய்துவிடுங்கள். தொற்று உறுதியானால் அந்த வளர்ப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அழித்துவிட்டு, உறைநிலையில் உள்ள சுத்தமான குப்பியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதுவரை அதே அறையில் வளர்ந்த மற்ற செல்களையும் சந்தேகத்தில் வையுங்கள்.

செல் வகையும் ஒரு காரணம். சீரம் குறைப்பதும் பால்போசிக்லிப் மருந்து போடுவதும் ஆர்பிஇ1 போன்ற செல்களை ஜி1இல் அழகாக நிறுத்தும். ஹீலாவில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் ஈ7 புரதம், செல்லை ஜி1இல் நிறுத்தும் ஆர்பி புரதத்தை முடக்கி வைத்திருப்பதால் அவை வேலை செய்யாது. வேறு ஆய்வகத்தின் நெறிமுறையை அப்படியே எடுப்பதற்கு முன் அது எந்தச் செல்லுக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

இன்னொரு குழப்பம் பெயர் சூட்டுவதில் வருகிறது. தைமிடினிலிருந்து விடுவித்த 0 மணி மாதிரியை "ஜி1" என்று எழுதிவிடுகிறார்கள். அது ஜி1 முடிந்து எஸ் தொடங்கும் வாசல். உண்மையான ஜி1 வேண்டுமென்றால், நுண்குழல்களைக் கலைக்கும் நோகோடசோல் மருந்தில் நிறுத்திய மைட்டோசிஸ் செல்களைத் தட்டி உதிர்த்து, கழுவி, மறுபடி விதைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எடுங்கள். தைமிடினிலிருந்து விடுவித்த செல்களையே அடுத்த ஜி1 வரை கொண்டுபோகலாம். ஆனால் அதற்குள் ஒத்திசைவு நிறையச் சிதறிவிடும்.

எம்சிஎம்2 ஒழுங்காக மாறி, உங்கள் புரதம் மட்டும் அசையாமல் இருந்தால், பேண்ட் நிறைவடைந்துவிட்டதா என்று பாருங்கள். மாதிரியை நான்கு மடங்கு, பதினாறு மடங்கு நீர்த்து அதே ஜெல்லில் ஓட்டுங்கள். பேண்ட் அதற்கேற்ப மங்காவிட்டால் நீங்கள் பார்ப்பது அளவே அல்ல. அதுவும் சரியாக இருந்தால், உங்கள் புரதம் உண்மையிலேயே மாறாத ரகமாக இருக்கலாம். டிஎன்ஏ பெருகத் தொடங்கும் இடங்களில் நிற்கும் ஓஆர்சி2 அப்படித்தான், எஸ் கட்டத்தில் அதன் கூட்டாளி ஓஆர்சி1 சிதைக்கப்பட்டாலும் ஓஆர்சி2 நிலையாக நிற்கும். மாறாததும் ஒரு முடிவுதான், அதை ஒளிக்க வேண்டியதில்லை.

## அறிகுறி 2: டியூபுலின் குரோமாட்டின் பகுதியில் வருகிறது

பெரும்பாலும் கழுவியது போதவில்லை. பெல்லட்டின் (சுழற்றியபின் அடியில் படியும் பகுதி) மேல் நிற்கும் திரவத்தைக் கடைசிச் சொட்டு வரை எடுத்து, அதே தாங்கல் கரைசலில் ஒருமுறை மெதுவாகக் கலக்கி மறுபடி சுழற்றுங்கள். குழாயின் சுவரில் ஒட்டிய துளிகளும் சேர்ந்துவிடும் என்பதால் புதிய குழாய்க்கு மாற்றிவிடுவது நல்லது.

அது தீர்வு தராவிட்டால் செல்கள் முழுதாக உடைந்தனவா என்று பாருங்கள். ஒரு சொட்டை டிரைபன் நீலத்தில் கலந்து நுண்ணோக்கியில் பாருங்கள். எல்லா உட்கருவும் நீலமாக இருக்க வேண்டும். நீலம் ஏறாத முழுச் செல்கள் இருந்தால், பெல்லட்டின் அளவுக்குக் கரைசல் போதவில்லை அல்லது டிரைட்டான் பழையது. 0.1 சதவீதம் டிரைட்டானில் ஐந்து நிமிடம் ஐஸில் வைத்தாலே ஹீலா செல் திறந்துவிடும். டிரைட்டானை 0.5க்கு உயர்த்துவது கடைசி வழியாக இருக்கட்டும், தளர்வாகப் பிடித்திருக்கும் புரதங்களும் அப்போது கரைந்து போகும்.

## அறிகுறி 3: மைட்டோசிஸ் மாதிரியில் குரோமாட்டின் பகுதியே காலி

ஹெச்3 கூடக் குறைந்திருக்கிறதா? அப்படியானால் புரதம் விலகவில்லை, பெல்லட்டைத்தான் இழந்திருக்கிறீர்கள். வழக்கமான நெறிமுறைகள் முழு உட்கருவைக் கீழே இறக்குவதற்காக எழுதப்பட்டவை. மைட்டோசிஸில் உட்கரு உறை கலைந்துவிடுவதால் கீழே வருவது தனித்தனிக் குரோமோசோம்களும் சின்னச் சின்னக் கொத்துகளும்தான். குறைந்த வேகத்தில் அவை முழுதாக இறங்காது.

சோதனை எளிது. கரைந்த பகுதியையும் ஹெச்3க்குப் பாருங்கள். அங்கே ஹெச்3 நின்றால் குரோமோசோம்கள் மேல் திரவத்தோடு போய்விட்டன. எல்லா மாதிரிக்கும் ஒரே மாதிரி வேகத்தைக் கூட்டுங்கள், மைட்டோசிஸ் மாதிரிக்கு மட்டும் கூட்டாதீர்கள். அடுத்து மக்னீசியம். தாங்கல் கரைசலில் 1.5 முதல் 3 மில்லிமோலார் மக்னீசியம் இல்லாமலோ, உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் இடிடிஏ கலந்தோ இருந்தால் குரோமோசோம்கள் உப்பித் தளர்ந்துவிடும். ஸ்பெர்மின், ஸ்பெர்மிடின் சேர்த்த கரைசலும் குரோமோசோமை இறுக்கமாக வைத்திருக்கும். உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்லை உப்பவைக்கும் படி உங்கள் நெறிமுறையில் இருந்தால், மைட்டோசிஸ் செல்களுக்கு அந்த நேரத்தைச் சுருக்கிப் பாருங்கள்.

ஹெச்3 சரியாக இருந்து உங்கள் புரதம் மட்டும் காணாமல் போனால், அது உண்மையான விலகலாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. சகோதர இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கொஹீசின் இதற்கு நல்ல உதாரணம். மைட்டோசிஸ் தொடக்கத்திலேயே வாப்ல் புரதமும் போலோ கைனேஸும் சேர்ந்து குரோமோசோமின் கைகளில் இருந்து பெரும்பகுதியை உதறிவிடும். ஷுகோஷின் புரதம் காக்கும், சகோதர இழைகள் இணைந்து நிற்கும் சென்ட்ரோமியரில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். ஆக, நோகோடசோல் மாதிரியில் கொஹீசின் மங்கலாக வந்தால் பதற வேண்டாம்.

உட்கரு உறையின் உட்புறம் வலையாக இருக்கும் லாமின் ஏ/சியை வைத்துக் குரோமாட்டின் பகுதியைச் சமன் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைட்டோசிஸில் லாமின் வலை கலைந்து கரைந்துவிடும். அதைச் சமன்கோலாக வைத்தால் மற்ற எல்லாப் புரதமும் மைட்டோசிஸில் தாறுமாறாக உயர்ந்ததுபோலத் தெரியும்.

## அறிகுறி 4: மைட்டோசிஸில் திடீரென எல்லாமே குரோமோசோமில் ஒட்டியிருக்கிறது

சில புரதங்களுக்கு இது இயல்பு. குரோமோசோமைச் சுருக்கும் கண்டென்சினில் இரண்டு வகை: கண்டென்சின்-1 இடைநிலையில் (மைட்டோசிஸ் அல்லாத நேரத்தில்) சைட்டோபிளாசத்தில் இருந்துவிட்டு, உறை கலைந்த பிறகுதான் குரோமோசோமைத் தொடும். கண்டென்சின்-2 முன்பிருந்தே உட்கருவுக்குள் இருக்கும். கேஐ67 புரதம் குரோமோசோமின் வெளிப்பரப்பு முழுவதும் ஒரு போர்வைபோலப் பரவும். இவை மூன்றும் வந்தால் உங்கள் பிரிப்பு நன்றாகவே நடந்திருக்கிறது.

ரைபோசோம் புரதங்களும் மைட்டோகாண்ட்ரியப் புரதங்களும் கூட வந்தால்தான் கவனிக்க வேண்டும். நடுவில் உறை இல்லாததால், செல்லை உடைக்கும் கணத்தில் சைட்டோபிளாசத்தில் உள்ளது எல்லாம் குரோமோசோமை நேரடியாகச் சந்திக்கிறது. ஒட்டும் தன்மை உள்ளவை ஒட்டிக்கொள்ளும்.

முதலில் உப்பைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடிலிருந்து 150, 200 என்று படிப்படியாகப் போங்கள். ஜி1 மாதிரியில் எம்சிஎம்2வையும் மைட்டோசிஸ் மாதிரியில் கண்டென்சினையும் இழக்காத கடைசிப் படியில் நில்லுங்கள். பிறகு நியூக்ளியேஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) சோதனை. பெல்லட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பென்சோனேஸ் என்ற நியூக்ளியேஸைப் போடுங்கள், மற்றதில் வேண்டாம். பிறகு இரண்டையும் சுழற்றுங்கள். டிஎன்ஏ உடைந்ததும் கரைந்து வெளியேறும் புரதம் டிஎன்ஏவை நம்பி நின்றது. உடைந்த பிறகும் பெல்லட்டிலேயே கிடப்பது வெறும் கட்டியாக இருக்கலாம். பென்சோனேஸுக்கு மக்னீசியம் வேண்டும், மைக்ரோகோக்கல் நியூக்ளியேஸுக்குக் கால்சியம் வேண்டும். கரைசலில் இடிடிஏ இருந்தால் இரண்டும் சும்மா கிடக்கும்.

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், அல்லது ஒரு புரதம் அல்ல, நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றால், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வசதியை அணுகுங்கள். மாதிரி தயாரித்த பிறகு போகாதீர்கள். எந்தச் சோப்புப் பொருள் அவர்களின் கருவிக்கு ஆகாது, எத்தனை மறுசெய்கை வேண்டும், ஒட்டிக்கொண்டதை உண்மையானதிலிருந்து பிரிக்க எந்த ஒப்பீட்டு மாதிரி வேண்டும் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள்.

## அறிகுறி 5: பேண்ட் மேலே ஏறுகிறது, இழுபடுகிறது, அல்லது மைட்டோசிஸில் மட்டும் மறைகிறது

மைட்டோசிஸில் ஏராளமான புரதங்களில் பாஸ்பேட் ஏறும். அதனால் பேண்ட் மேலே நகர்வது இயல்பு. ஆபத்து எங்கே என்றால், ஆன்டிபாடி பிடிக்கும் இடத்திலேயே பாஸ்பேட் ஏறும்போது. அப்போது புரதம் முழுதாக இருந்தும் பேண்ட் மறைந்துவிடும். அதைப் பார்த்து "மைட்டோசிஸில் சிதைக்கப்படுகிறது" என்று எழுதிவிடக் கூடாது.

மைட்டோசிஸ் மாதிரியை பாஸ்பேட்டை நீக்கும் லாம்டா பாஸ்பேட்டேஸ் நொதியோடு 30 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள், மாங்கனீஸ் சேர்க்க மறக்காதீர்கள். அருகிலேயே பாஸ்பேட்டேஸ் போடாத, ஆனால் அதேபோல் சூடாக்கிய மாதிரியும் ஓடட்டும். பேண்ட் திரும்பி வந்தால் குழப்பம் தீர்ந்தது. அந்த மாதிரியில் இடிடிஏவோ பாஸ்பேட்டேஸ் தடுப்பானோ இருந்தால் இந்தச் சோதனை நடக்காது, எனவே தொடக்கத்திலேயே ஒரு பங்கை அவையில்லாமல் எடுத்துவையுங்கள்.

பேண்ட் திரும்பாவிட்டால், புரதத்தின் வேறு பகுதியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியைப் பயன்படுத்துங்கள். அதுவும் காலி என்றால் சிதைவை நம்பத் தொடங்கலாம். அப்போது எம்ஜி132 போட்டு, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுத்தால் பேண்ட் மீள்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. எம்ஜி132 செல்களை மைட்டோசிஸின் நடுக்கட்டமான மெட்டாஃபேஸிலேயே நிறுத்தும் என்பதை மறந்துவிட வேண்டாம். கட்டத்தை ஃப்ளோவில் மறுபடி பார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

## அறிகுறி 6: ஜி2வில் பாதியாகக் குறைகிறது, அல்லது இரட்டிப்பாகிறது

இரண்டு மடங்கு, அரை மடங்கு என்று எண் வந்தாலே சமன்கோலைப் பாருங்கள். ஜி2 செல்லில் டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் ஜி1இன் இரு மடங்கு. ஒரு செல்லுக்கு 100 அலகு என்று மாறாமலேயே இருக்கும் புரதத்தை ஹெச்3ஆல் வகுத்தால், ஜி1இல் 1 என்று வந்தது ஜி2வில் 0.5 ஆகிவிடும். செல் எண்ணிக்கைப்படி ஏற்றினால் அதே புரதம் சமமாகத் தெரியும். டிஎன்ஏ பெருகும் வேகத்திலேயே பெருகும் புரதம் இதற்கு நேர்மாறாக நடக்கும்: ஹெச்3ஆல் வகுத்தால் அசையாது, செல் எண்ணிக்கைப்படி பார்த்தால் இரட்டிக்கும்.

இதில் சரி தவறு இல்லை, கேள்விகள்தான் இரண்டு. "ஒரு செல்லின் குரோமோசோம்களில் மொத்தம் எவ்வளவு?" என்றால் செல் எண்ணிக்கை. "டிஎன்ஏவில் எவ்வளவு அடர்த்தியாக?" என்றால் ஹெச்3. எந்தக் கேள்வி உங்களுடையது என்று முடிவு செய்து, படத்தின் கீழ் அதை எழுதிவிடுங்கள். இதைச் சொல்லாத படத்தை நான் நம்புவதில்லை.

பாதியாவது உண்மையான உயிரியலாகவும் இருக்கலாம். மனிதச் செல்களில் சென்ட்ரோமியருக்கே உரிய ஹிஸ்டோனான சிஇஎன்பி-ஏ புதிதாக ஏறுவது மைட்டோசிஸ் முடிவிலும் ஜி1 தொடக்கத்திலும்தான். எஸ் கட்டத்தில் இருப்பதையே இரண்டு சகோதர இழைகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதனால் டிஎன்ஏவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அது பாதியாவது நியாயம்தான்.

சோதிக்கும் முறை: ஒரே எண்ணிக்கையில் செல்களை ஏற்றுங்கள். ஹெச்3 பேண்ட் ஜி1ஐவிட ஜி2வில் ஏறக்குறைய இரட்டிப்பாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எண்ணுவதில் பிழை, அல்லது ஜி2 மாதிரியில் பாதி செல்கள் ஜி1இல் இருக்கின்றன. ஃப்ளோ படத்தில் ஒட்டிய இரட்டைச் செல்களை நீக்கினீர்களா என்பதையும் பாருங்கள். இரண்டு ஜி1 செல்கள் ஒட்டிக்கொண்டால் கருவிக்கு அது ஒரு ஜி2 செல்போலத்தான் தெரியும். சிகர உயரத்தையும் பரப்பையும் எதிரெதிரே வரைந்து இதை நீக்கத் தெரியாவிட்டால், ஃப்ளோ வசதியில் இருப்பவரிடம் உதவி கேளுங்கள்.

## அறிகுறி 7: நோகோடசோல் மாதிரியில் ராட்21 துண்டாக வருகிறது

சகோதர இழைகள் பிரியும் அனஃபேஸில் செப்பரேஸ் நொதி, கொஹீசினின் ஒரு பகுதியான ராட்21ஐ வெட்டும் என்பதால் பலர் இதைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் நோகோடசோல் தடை இருக்கும்வரை, செப்பரேஸை அடக்கிவைக்கும் செக்யூரின் சிதையாது, செப்பரேஸ் வேலை தொடங்காது. அந்த நிலையில் வரும் துண்டுக்கு முதல் சந்தேகநபர் செல் சாவின் நொதியான கேஸ்பேஸ்தான், அதுவும் ராட்21ஐ வெட்டும்.

நோகோடசோலில் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்று பாருங்கள். 16 மணியைத் தாண்டினால் செல்கள் சாகத் தொடங்கும், சில தடையிலிருந்து நழுவி வெளியேறும். கேஸ்பேஸ் வெட்டும் பார்ப் புரதம் 116இலிருந்து 89 கிலோடால்டனுக்கு வெட்டுப்பட்டிருக்கிறதா, ஃப்ளோவில் ஜி1க்கு இடப்பக்கம் குப்பை தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் கேஸ்பேஸ் தடுப்பான் சேர்த்து மறுபடி செய்யுங்கள். துண்டு மறைந்தால் அது செல் சாவின் அடையாளம். செப்பரேஸின் துண்டு வேண்டுமென்றால் நோகோடசோலைக் கழுவி விடுவித்து, அடுத்தடுத்த குறுகிய இடைவெளிகளில் எடுங்கள். வெட்டுப்படும் கொஹீசின் மொத்தத்தில் சிறு பகுதி என்பதால் பேண்ட் மங்கலாகத்தான் இருக்கும்.

## அறிகுறி 8: மாதிரி கோந்துபோல் இழுக்கிறது, ஜெல்லில் இறங்க மறுக்கிறது

உடையாத டிஎன்ஏ. பென்சோனேஸ் போடுங்கள், அல்லது ஐஸில் வைத்துக் குறுகிய துடிப்புகளாக ஒலி அலையால் உடையுங்கள் (சோனிகேட்). ஊசியால் இழுத்து உடைப்பது ஒவ்வொரு மாதிரியிலும் வேறு மாதிரி அமையும், அளவிடும் பரிசோதனைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## அறிகுறி 9: உயிருள்ள செல்லில் குரோமோசோமில் தெரிகிறது, நிலைநிறுத்திய செல்லில் தெரியவில்லை

இந்த முரணில் பலர் நிலைநிறுத்திய (ஃபார்மால்டிஹைடு போன்றவற்றால் அப்படியே உறையவைத்த) செல்லின் படத்தையே நம்புகிறார்கள். முக்கியமாக, மரபணுக்களை இயக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் காரணிகளில் இது பெரிய சிக்கல். ஃபார்மால்டிஹைடு மெதுவாகப் பிணைக்கும், இந்தக் காரணிகளோ நொடிகளில் ஒட்டி விலகுபவை. அதனால் நிலைநிறுத்தும் வேலையே அவற்றை மைட்டோசிஸ் குரோமோசோமிலிருந்து வெளியேற்றிக் காட்டலாம் என்று 2016இல் உயிருள்ள செல் படங்களோடு காட்டப்பட்டது. மைட்டோசிஸில் எல்லாம் உதிர்ந்துவிடும் என்ற பழைய முடிவுகள் சிலவற்றை அதற்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

எளிய சோதனைகளிலிருந்து தொடங்குங்கள். ஒளிரும் ஜிஎஃப்பி இணைத்த புரதம் உள்ள செல்லை நுண்ணோக்கியில் வைத்து, கண் முன்னே ஃபார்மால்டிஹைடு ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் குரோமோசோம் கருத்துப்போனால் குற்றவாளி ஃபார்மால்டிஹைடுதான். கருக்காமல் இருந்து ஆன்டிபாடியில் மட்டும் காணாவிட்டால், இறுகிய குரோமோசோமுக்குள் ஆன்டிபாடி நுழையவில்லை. டிரைட்டான் நேரத்தைக் கூட்டியோ வேறு ஆன்டிபாடியாலோ சரிபார்க்கலாம். அடுத்து, டிஎஸ்ஜி போன்ற நீள்கையுள்ள பிணைப்பானை முதலில் போட்டு, பிறகு ஃபார்மால்டிஹைடு போட்டுப் பாருங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. ஜிஎஃப்பி புரதத்தை இயல்பைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்தால், வெறும் நெரிசலிலேயே குரோமோசோமில் தேங்கி நிற்பதுபோலத் தெரியும். இயற்கையான மரபணுவிலேயே ஜிஎஃப்பி குறியீட்டைச் சேர்த்த செல் வரிசை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

நிலைநிறுத்தும் முன்பே டிரைட்டானில் கரைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். உருண்டு நிற்கும் மைட்டோசிஸ் செல்கள் கண்ணாடியிலிருந்து எளிதில் கழன்றுவிடும். மிஞ்சுவது மைட்டோசிஸின் முழுப் பிரதிநிதி அல்ல. பாலிலைசின் பூசிய கண்ணாடியில் வளர்த்து, ஊற்றுவதையும் உறிஞ்சுவதையும் ஓரத்திலிருந்து மெதுவாகச் செய்யுங்கள்.

ஒட்டியிருக்கும் நேரம் எத்தனை நொடி என்று சொல்ல வேண்டிய கட்டம் வந்தால் சொந்த முயற்சியை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒளியால் வெளுத்து மீள்வதை அளப்பதற்கும் ஒற்றை மூலக்கூறைப் பின்தொடர்வதற்கும் கருவியும் பகுப்பாய்வும் தெரிந்த நுண்ணோக்கி வல்லுநர் வேண்டும். அவரிடம் போகும்போது ஃப்ளோ படம், நான்கு சாட்சிகளோடு கூடிய பிளாட், குறியீடு சேர்த்த புரதத்தின் அளவை இயல்பான அளவோடு ஒப்பிட்ட பிளாட், இந்த மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.